மவுண்டன் ஆஷ் காட்டின் வயதைப் படிப்பது எப்படி?

மெல்பர்னுக்கு ஊரிலிருந்து யார் வந்தாலும் பஃபிங் பில்லி நீராவி ரயிலில் ஏற்றிவிடுவது நம்மவர் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. ரயில் பெல்கிரேவை விட்டுக் கிளம்பியதும் இரண்டு பக்கமும் நெடுநெடுவென்று வெளுத்த மரங்கள் வரும். ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டுப் படம் எடுக்கிற மும்முரத்தில் அவற்றை யாரும் கவனிப்பதில்லை. அந்த மரங்களுக்காக மட்டும் ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். அந்த நாளில் என்ன பார்ப்பது, எப்படிப் பார்ப்பது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மரத்தின் பெயர் மவுண்டன் ஆஷ். தாவரவியல் பெயர் யூகலிப்டஸ் ரெக்னன்ஸ். ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கு மூலையில், விக்டோரியா, டாஸ்மேனியா மாநிலங்களின் ஈரமான மலைப்பகுதிகள்தான் இதற்குச் சொந்த ஊர். டாஸ்மேனியாவின் தெற்கே ஆர்வ் பள்ளத்தாக்கில் நிற்கும் ‘செஞ்சூரியன்’ என்ற மரத்தை 2008இல் கண்டுபிடித்தார்கள். 2018இல் அளந்தபோது 100.5 மீட்டர் இருந்தது. பூக்கும் தாவரங்களில் இதற்குப் போட்டியாக நிற்பது போர்னியோ தீவின் சபா மாநிலத்தில் உள்ள ‘மெனாரா’ என்ற மெரான்டி மரம்தான், அது 100.8 மீட்டர்.

நான் கோத்தகிரிக்காரி. தைலம் காய்ச்சும் கொட்டகையின் புகை வாசத்தோடு வளர்ந்தவள். இப்போது பெல்கிரேவ் ரயில் தடத்தில் ஒரு புறநகரில் குடியிருக்கிறேன், விடுமுறை நாட்களில் தெரிந்த குடும்பங்களைக் காட்டுக்கு அழைத்துப் போகிறேன். வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, “இது எத்தனை அடி உயரம்?” என்றுதான். கேட்கட்டும், உயரம் வியக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் ஒவ்வொரு இடத்திலும் நின்று இன்னொன்றையும் கேட்டுப் பாருங்கள்: “இந்தக் காடு எந்தத் தீக்குப் பிறகு முளைத்தது?” இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் காட்டில் கண்ணுக்குப் படுவதெல்லாம் ஒன்றோடொன்று இணைந்து புரிய ஆரம்பிக்கும்.

முதலில் மரத்தை அடையாளம் காணுங்கள்

நீலகிரிக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நம் ஊரில் 1840களில் கொண்டுவந்து நட்ட தைல மரம் யூகலிப்டஸ் குளோபுலஸ். அதன் இளங்கன்றில் இலை நீலம் பூத்தாற்போல, மாவு பூசியதுபோல இருக்கும், தண்டு சதுரமாக இருக்கும், காய் பெரிதாகச் சொரசொரப்பாகத் தனித்தனியாக விழுந்து கிடக்கும். மவுண்டன் ஆஷில் இது எதுவும் இல்லை. இலையைக் கசக்கி முகர்ந்தால் வாசனை உண்டு, ஆனால் கோத்தகிரி இலை மாதிரி மூக்கைத் துளைக்காது. காய் மிகச் சிறியது, ஒரு சென்டிமீட்டர்கூட வராது, புனல் வடிவம், நுனியில் பெரும்பாலும் மூன்று கீறல்.

தூரத்திலிருந்து பார்க்கும்போது பட்டையைக் கவனியுங்கள். அடியிலிருந்து ஐந்து முதல் பதினைந்து மீட்டர் வரை நார் நாராகக் கரடுமுரடான பழுப்புப் பட்டை இருக்கும். அதற்கு மேல் திடீரென்று வழவழப்பாகி, வெள்ளையும் சாம்பலும் லேசான பச்சையுமாக உச்சிவரை போகும். உரிந்த பட்டை நீள நீளமான ரிப்பனாகக் கிளைக் கவட்டையிலிருந்து தொங்கும், சில ரிப்பன்கள் பல மீட்டர் நீளம். கோடை முடிந்து இலையுதிர்காலம் தொடங்கும்போது போனால் புதிதாக உரிந்த தண்டின் நிறம் மிக அழகாக இருக்கும்.

குழப்பம் தரும் மரங்கள் பக்கத்திலேயே நிற்கும். மெஸ்மேட் என்ற யூகலிப்டஸில் கரடுமுரடான பட்டை கிளைகள் வரைக்கும் ஏறிப்போகும். சுமார் 900, 1000 மீட்டருக்கு மேலே ஏறினால் ஆல்பைன் ஆஷ் வரும், அதில் முரட்டுப் பட்டை தண்டின் பாதி உயரம் வரை இருக்கும். மேனா கம் மரத்திலும் ரிப்பன் தொங்கும், ஆனால் அதில் மொட்டுகள் மூன்று மூன்றாகத்தான் இருக்கும்.

சந்தேகமே இல்லாமல் முடிவு செய்ய வேண்டுமா? காற்றடித்த மறுநாள் பாதையில் விழுந்து கிடக்கும் சிறு கிளையை எடுத்துப் பாருங்கள். ஒரு இலையின் அடியில் தண்டைச் சேரும் இடத்திலிருந்து இரண்டு மொட்டுக் கொத்துகள் ஜோடியாகக் கிளம்பினால் அது மவுண்டன் ஆஷ். மற்ற ஆஷ் வகைகளில் கொத்து ஒன்றுதான் வரும். இலையின் அடியையும் பாருங்கள், இரண்டு பாதியும் காம்பில் ஒரே இடத்தில் சேராமல் ஏறி இறங்கிச் சேரும். பார்த்துவிட்டுக் கிளையைக் கிடந்த இடத்திலேயே போட்டுவிடுங்கள். தேசியப் பூங்காவிலிருந்து இலை, விதை, பட்டை எதையும் எடுத்துப்போக அனுமதி இல்லை.

தீயோடு இந்த மரத்தின் கணக்கு

வயதைப் படிக்க வேண்டுமென்றால் இதைப் புரிந்துகொள்ள வேண்டும், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

யூகலிப்டஸ் என்றாலே எரிந்தாலும் துளிர்க்கும் என்று நினைக்கிறோம். பெரும்பாலான வகைகள் அப்படித்தான். அடியில் மண்ணுக்குள் ஒரு கிழங்கு போன்ற கட்டை இருக்கும், தண்டு கருகினாலும் அதிலிருந்து புதுத் தளிர் வரும். மவுண்டன் ஆஷுக்கு அந்தக் கட்டை கிடையாது. உக்கிரமான தீ உச்சிவரை ஏறினால் மரம் செத்துப்போகும், திரும்பத் துளிர்க்காது.

ஆனால் உச்சிக் கிளைகளில் காய்கள் விதையோடு காத்திருக்கும். தீயின் வெப்பத்தில் காய் காய்ந்து திறந்து, சில நாட்களில் விதை கீழே கொட்டும். கீழே மட்கிய சருகும் புதரும் எரிந்து வெறும் சாம்பல் படுகை. மேலே நிழலே இல்லை. அந்தச் சாம்பலில் ஒரு ஹெக்டேருக்கு லட்சக்கணக்கில் நாற்று முளைக்கும். ஒன்றையொன்று முந்திக்கொண்டு வருடத்துக்கு ஒரு மீட்டருக்கும் மேல் வளரும். பின்தங்கியது நிழலில் சாகும். நூற்றாண்டுகள் கழித்து அதே ஒரு ஹெக்டேரில் மிஞ்சுவது முப்பது, நாற்பது மரம்தான்.

ஆகவே இந்த மரத்துக்குத் தீ வேண்டும், ஆனால் அடிக்கடி வரக்கூடாது. கன்று வளர்ந்து போதுமான விதை தர பதினைந்து, இருபது வருடம் ஆகும். அதற்குள் இரண்டாவது தீ வந்தால் விதை இல்லை, அந்த இடத்தில் மவுண்டன் ஆஷ் இல்லாமலே போகும், வாட்டில் என்ற அகேசியா புதர் பிடித்துக்கொள்ளும். மறுபக்கம், நானூறு ஐந்நூறு வருடம் தீயே வராவிட்டால் கிழ மரங்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்து, அடியில் நிழலில் வளரும் மர்டில் பீச், சாசஃப்ராஸ் மரங்களின் மழைக்காடாக அது மாறிவிடும். வார்பர்டனுக்கு மேலே டான்னா புவாங் மலைச் சாலையில் சிமென்ட் க்ரீக் ஓடை அருகே இந்த மாற்றத்தையே பார்க்கலாம். மேலே கிழட்டு ஆஷ், அதன் காலடியில் பாசி மூடிய பீச் மரங்கள், ஆனால் ஆஷ் கன்று ஒன்றுகூட கண்ணில் படாது.

நெருப்பு வருடங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்

விக்டோரியாவின் காடுகளில் மூன்று தேதிகள் முக்கியம். 1939 ஜனவரி 13, கறுப்பு வெள்ளி, 71 பேர் இறந்தார்கள். 1983 பிப்ரவரி 16, சாம்பல் புதன். 2009 பிப்ரவரி 7, கறுப்புச் சனி, 173 பேர் இறந்தார்கள். இதற்கு முன்னால் 1926இலும் 1851இலும் பெரிய தீ வந்திருக்கிறது. இப்போது ஒரு காட்டின் முன்னால் நின்று எதைச் சேர்ந்தது என்று பார்ப்போம்.

2009க்குப் பிறகு முளைத்த காடு அடர்த்தியாக இருக்கும், உள்ளே நுழைய முடியாது. தண்டு கைக்குள் அடங்குவதிலிருந்து தொடை கனம் வரை, எல்லாம் ஏறக்குறைய ஒரே உயரம், இடையிடையே வெள்ளி வாட்டில். அவற்றுக்கு மேலே தலை நீட்டிக்கொண்டு வெள்ளை எலும்பாகப் பட்ட மரங்கள் நிற்கும். அவைதான் இந்தக் கன்றுகளின் தாய் மரங்கள். மேரிஸ்வில் ஊரைச் சுற்றிப் போனால் இதைச் சாலையிலிருந்தே காணலாம். 2009இல் அந்த ஊரே எரிந்துபோனது, அதனால் அங்கே நின்று மரங்களைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திப் பேசுங்கள் என்று பிள்ளைகளிடம் நான் சொல்வதுண்டு. வீட்டையும் ஆட்களையும் இழந்தவர்கள் இன்னும் அங்கே வாழ்கிறார்கள்.

மேரிஸ்வில்லிலிருந்து லேக் மவுண்டன் மேலே ஏறும் சாலை ஒரு நல்ல பாடம். கீழே மவுண்டன் ஆஷ், நடுவே ஆல்பைன் ஆஷ், உச்சியில் ஸ்னோ கம் என்ற பனிமலை யூகலிப்டஸ். ஆஷ் இரண்டும் செத்து விதையிலிருந்து வந்திருக்கின்றன, ஒற்றைத் தண்டு. உச்சியில் ஸ்னோ கம் மட்டும் செத்த தண்டுகளின் அடியிலிருந்து கொத்தாகத் துளிர்த்திருக்கிறது. ஒரே தீ, ஒரே மலை. மரத்துக்கு மரம் பிழைக்கும் வழி வேறு என்பதைச் சின்னப் பிள்ளைகள்கூட காரில் உட்கார்ந்தபடியே கண்டுபிடித்துவிடுவார்கள்.

1939க்குப் பிறகு முளைத்ததுதான் நீங்கள் அதிகம் பார்க்கப்போகிற காடு. ஹீல்ஸ்வில்லிலிருந்து நார்பெத்தாங் போகும் பிளாக் ஸ்பர் சாலையின் படங்கள் எல்லா நாட்காட்டியிலும் வரும். அதை ஒட்டிய மரூண்டா நீர்ப்பிடிப்புக் காடுகளில் பெரும்பகுதி அந்தத் தீயின் பிள்ளைகள்தான். அடையாளம்: தண்டு நூல் பிடித்தாற்போல நேர், கனம் ஏறக்குறைய ஒரே மாதிரி, அடிமரம் பெரிதாகப் புடைத்திருக்காது, உச்சி முழுதாக இருக்கும், தண்டில் பொந்து இருக்காது. பிரமாண்டமாகத் தெரியும். ஆனால் ஐந்நூறு வருடம் வாழக்கூடிய மரத்துக்கு இது இளவயது.

உண்மையான கிழ மரத்தைப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும். அடி வேர்ப்பகுதி திண்ணை போலப் பரந்து புடைத்திருக்கும், அதில் பாசியும் பெரணியும் குடியேறியிருக்கும். உச்சி முறிந்திருக்கும், அதனால் இளைய மரத்தைவிடக் குட்டையாகக்கூட இருக்கலாம். பக்கக் கிளைகள் தனித்தனி மரம் போலக் கனத்திருக்கும். தண்டில் கருகிய குகை, மேலே இருண்ட பொந்துகள். பவல்டவுன் அருகே உள்ள ஏடா மரம் இப்படிப்பட்டது. உச்சி உடைந்த பிறகும் சுமார் 76 மீட்டர், அடிச்சுற்று சுமார் 15 மீட்டர், வயது சுமார் 300. டூலாங்கி காட்டில் ‘கலாதா ஜயன்ட்’ இருக்கிறது. காரிலிருந்து இறங்கிக் கொஞ்ச தூரமே நடக்க வேண்டும், வயதானவர்களை அழைத்துப்போக அதுதான் வசதி. என் அம்மா வந்திருந்தபோது அதன் அடியில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். யாரும் சொல்லித்தரவில்லை.

இப்படிப்பட்ட முதிர்ந்த காடு விக்டோரியாவின் மத்திய மலைப்பகுதியில் எவ்வளவு மிச்சம் என்று தெரிந்துகொள்ளுங்கள்: அங்குள்ள மவுண்டன் ஆஷ் பரப்பில் நூற்றுக்கு ஒன்றை ஒட்டித்தான். தீயும் மரவெட்டும் சேர்ந்து மற்றதை எடுத்துவிட்டன. கிங்லேக் பக்கம் வாலபி க்ரீக்கில் விக்டோரியாவின் மிக உயரமான மரங்கள் இருந்தன, 90 மீட்டரைத் தாண்டியவை, சுமார் 300 வயது. 2009இல் ஒரே நாளில் போயின. அரசுக் காடுகளில் வணிகத்துக்காக இயற்கை மரங்களை வெட்டுவதை விக்டோரியா 2024 ஜனவரி 1 முதல் நிறுத்திவிட்டது. அந்தச் செய்தி வந்த அன்று நான் அழுதேன் என்று சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

பழைய வெட்டின் தடயத்தையும் தேடுங்கள். பெரிய அடிக்கட்டைகளில், ஆள் உயரத்துக்கு மேலே, இரண்டு பக்கமும் செவ்வகமாகக் குழி வெட்டியிருக்கும். புடைத்த அடியைத் தவிர்த்து மேலே வெட்டுவதற்காக, அந்தக் குழியில் பலகையைச் சொருகி, அதன்மேல் நின்றுகொண்டு இரண்டு பேர் கோடாலியும் ரம்பமும் போட்டிருக்கிறார்கள். கட்டையின் நடுவிலிருந்து இன்று வேறொரு மரம் முளைத்து நிற்கும்.

உயரத்தை நீங்களே அளக்கலாம்

கையை நீட்டி, கண்ணிலிருந்து பிடி வரையுள்ள நீளத்துக்கு ஒரு குச்சியை ஒடித்துக்கொள்ளுங்கள். கீழே கிடக்கும் காய்ந்த குச்சி போதும். கையை நீட்டியபடி அதைச் செங்குத்தாகப் பிடித்து, குச்சியின் அடி மரத்தின் அடியோடும் நுனி மரத்தின் உச்சியோடும் பொருந்தும் வரை பின்னால் நடங்கள். பொருந்திய இடத்திலிருந்து மரம் வரையுள்ள தூரம்தான் மரத்தின் உயரம். சமதளமாக இருக்க வேண்டும், உச்சியும் அடியும் இரண்டும் தெரிய வேண்டும். காட்டுக்குள் இது கஷ்டம், அதனால் கார் நிறுத்தும் திடலின் ஓரத்தில் நிற்கும் மரத்தைத் தேர்ந்தெடுங்கள். சரிவில் அளந்தால் கணக்கு பெரிதும் தப்பும். பின்னால் நடக்கும்போது ஒருவர் உங்கள் முதுகுப்பக்கம் பார்த்துக்கொள்ளட்டும்.

சுற்றளவைத் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அளப்பது வனத்துறையினரின் முறை. கிழ மரங்களில் வேர்ப்பகுதியை மிதித்து ஏறித்தான் அளக்க முடியும் என்றால் விட்டுவிடுங்கள். அந்த வேரைச் சுற்றியுள்ள மண் மிதிபட்டு இறுகினால் மரத்துக்குக் கேடு.

பழைய கணக்குகளைப் பற்றிப் பிள்ளைகள் கேட்பார்கள். 1872இல் அரசு வன ஆய்வாளர் வில்லியம் ஃபெர்குசன், வாட்ஸ் ஆற்றங்கரையில் விழுந்து கிடந்த ஒரு மரத்தை 435 அடி என்று எழுதினார். அதைப் பலர் நம்புவதில்லை. 1880களில் தார்ப்டேலில் வெட்டப்பட்ட மரத்தை நில அளவையர் ஜார்ஜ் கார்ன்த்வைட் அளந்து 375 அடி என்றார், அதாவது 114 மீட்டர். அளவை செய்வதே தொழிலாகக் கொண்டவர் என்பதால் அந்தக் கணக்குக்கு மதிப்பு அதிகம். அப்படியானால் இன்று நிற்கும் எந்த மவுண்டன் ஆஷையும்விட உயரமானவற்றை வெட்டித் தீர்த்துவிட்டார்கள் என்றுதான் அர்த்தம்.

மாலையில் பொந்து பார்க்க உட்காருங்கள்

ஒரு மரத்தின் வயது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைக் கண்ணால் காண இதைவிட நல்ல வழி இல்லை. அந்தி சாயும்போது பொந்துள்ள மரத்தின் எதிரே உட்கார்ந்து, உள்ளிருந்து என்ன வெளியே வருகிறது என்று எண்ணுவது. பட்ட மரத்தை இங்கே ‘ஸ்டேக்’ என்பார்கள், இந்த வேலைக்கு ‘ஸ்டேக்வாட்சிங்’ என்று பெயர். ஆராய்ச்சியாளர்களும் தன்னார்வலர்களும் விலங்குகளைக் கணக்கெடுக்க இதைத்தான் செய்கிறார்கள்.

மவுண்டன் ஆஷில் பொந்து விழுவதற்கே குறைந்தது 120 வருடம் ஆகும். பெரிய விலங்குக்கு ஏற்ற பொந்து என்றால் இன்னும் அதிகம். 1939 மரங்களில் பொந்து இல்லாததன் காரணம் இதுதான். லெட்பெட்டர் பாஸம் என்ற சிறு விலங்கின் கதையும் இதில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது. விக்டோரியாவின் மாநில விலங்கு அது. அழிந்துபோனதாக நினைத்திருந்ததை 1961இல் எரிக் வில்கின்சன் மேரிஸ்வில்லுக்கு அப்பால் உள்ள காட்டில் மீண்டும் கண்டார். உள்ளங்கையில் அடங்கும் உடம்பு, நுனி தடித்த வால். பகலில் ஒரு குடும்பமாகப் பொந்துக்குள் பட்டைநார்க் கூட்டில் தூங்கும், இரவில் வாட்டில் மரத்துப் பிசினைத் தேடி ஓடும். அதற்குக் கிழ மரத்தின் பொந்தும் வேண்டும், இளம் வாட்டிலின் பிசினும் வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் இருக்கும் காடு குறைந்துகொண்டே வருகிறது. 2015 முதல் அழிவின் விளிம்பில் உள்ளவற்றின் பட்டியலில் வைத்திருக்கிறார்கள்.

காற்று இல்லாத, மழை இல்லாத மாலையைத் தேர்ந்தெடுங்கள். பொந்துள்ள மரத்துக்கு நேர் அடியில் போகவே வேண்டாம், பட்ட மரம் எப்போது வேண்டுமானாலும் கிளையை உதிர்க்கும். நல்ல தூரம் தள்ளி, பாதையை விட்டு விலகாமல், மேற்கு வானம் மரத்துக்குப் பின்னால் வருமாறு உட்காருங்கள். வெளிச்சம் குறையும்போது தண்டு கறுப்புக் கோடாகத் தெரியும், பொந்திலிருந்து எது வந்தாலும் வானத்துக்கு எதிரே தெரிந்துவிடும். சூரியன் மறைவதற்குக் கால் மணி முன்பிருந்து ஒரு மணி நேரம் போதும். ஒரு தார்ப்பாய், கனமான ஸ்வெட்டர், குல்லா, ஃபிளாஸ்கில் டீ. கைபேசியை அணைத்துவிடுங்கள், அந்த ஒளி உங்கள் கண்ணையே முதலில் குருடாக்கும். டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித் தாள் கட்டுங்கள். விலங்கின் கண்ணில் நேராக அடிக்காதீர்கள்.

முதல் தடவையே லெட்பெட்டர் வரும் என்று யாருக்கும் ஆசை காட்டாதீர்கள். பெரிய கிளைடர் என்ற, மரத்துக்கு மரம் மிதந்து தாவும் பாஸம் வரலாம். நீண்ட பஞ்சு வாலோடு விளிம்பில் வந்து உட்கார்ந்து, கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, சத்தமே இல்லாமல் வானத்தில் வழுக்கிக்கொண்டு போகும். ஒரே தாவலில் நூறு மீட்டர் வரை மிதக்கும். அதுவும் இப்போது அருகிவிட்டது. எதுவும் வராவிட்டால் ‘பூஜ்ஜியம்’ என்று எழுதுங்கள், கணக்கெடுப்பில் அதுவும் ஒரு தகவல்தான்.

தண்ணீரையும் சேர்த்துப் பாருங்கள்

மெல்பர்னில் குழாயைத் திறந்தால் வரும் தண்ணீரின் பெரும்பங்கு இந்த மலைகளிலிருந்து வருவது. மரூண்டா, ஓஷனாசி, மேல் யாரா என்று பல நீர்ப்பிடிப்புக் காடுகளுக்குள் பொதுமக்களை அனுமதிப்பதே இல்லை. சாலையோரம் வேலியும் அறிவிப்பும் பார்த்துச் சலித்துக்கொள்ள வேண்டாம், அந்தக் கட்டுப்பாட்டால்தான் காடு பிழைத்திருக்கிறது.

வயதுக் கணக்கு இங்கேயும் வரும். 1939 தீக்குப் பிறகு ஆறுகளில் நீர்வரத்து குறைந்ததை ஆராய்ந்து, நீரியல் ஆய்வாளர் ஜார்ஜ் குச்செரா 1980களில் ஒரு வளைகோடு வரைந்தார். வேகமாக வளரும் இளம் காடு ஏராளமாகத் தண்ணீர் குடிக்கும். தீ முடிந்து இருபது முப்பது வருடத்தில் நீர்வரத்து பாதி அளவுக்குக்கூட குறையும், பழைய நிலைக்கு வர நூறு வருடத்துக்கு மேல் ஆகும். நீலகிரியில் சோலையையும் புல்வெளியையும் எடுத்துவிட்டுத் தைல மரம் நட்டதால் ஓடை வற்றிய கதை நமக்குத் தெரியும். இங்கே மரம் சொந்த மண்ணில்தான் நிற்கிறது, ஆனாலும் காடு முழுக்க இளசாகிவிட்டால் ஊருக்குத் தண்ணீர் குறைகிறது. முதிர்ந்த ஆஷ் காடு கார்பனைச் சேமிப்பதிலும் உலகில் முன்னணியில் இருக்கிறது. 2009இல் வெளியான ஆய்வில் ஓஷனாசி காட்டில் ஒரு ஹெக்டேருக்கு 1,867 டன் கார்பன் கணக்கிட்டார்கள், அன்றுவரை உலகில் வேறெங்கும் கண்டிராத அளவு.

போகும் முன்

கார் இல்லாதவர்களுக்கு ஷெர்புரூக் காடுதான் வழி. பெல்கிரேவ் ரயிலில் கடைசி நிலையம் வரை போய் அங்கிருந்து நடந்தே காட்டுக்குள் நுழையலாம். குளிர்காலத்தில் காலையிலேயே போனால் லைர்பேர்ட் ஆண் பறவை வாலை விரித்து மற்றப் பறவைகளின் குரலையெல்லாம் பாடிக்காட்டுவதைக் கேட்கலாம். இந்த நிலம் வுருண்ட்ஜெரி பழங்குடி மக்களுடையது, அந்த நினைப்போடு நடங்கள்.

காற்று பலமாக இருந்தால் போக வேண்டாம். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. 2021 ஜூன் மாதப் புயலில் டான்டெனாங் மலையில் எண்ணற்ற பெரிய மரங்கள் வேரோடு சாய்ந்து வீடுகள் நொறுங்கின. மழை பெய்து மண் ஊறியிருக்கும்போது காற்றும் சேர்ந்தால் எவ்வளவு பெரிய மரமும் நிற்காது. கோடையில் விக்எமர்ஜென்சி செயலியில் தீ அபாய அளவைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். உச்சபட்ச எச்சரிக்கை நாளில் பூங்காக்களையே மூடிவிடுவார்கள். அதற்கு ஒரு படி கீழே இருந்தாலும் நான் யாரையும் அழைத்துப் போவதில்லை.

பாதையின் தொடக்கத்தில் காலணி தேய்க்கும் தூரிகை வைத்திருந்தால் அடிப்பகுதியை நன்றாகத் தேயுங்கள், வேரை அழுகவைக்கும் பூஞ்சை போன்ற கிருமி மண்ணோடு ஒட்டிப் பரவுகிறது. ஈரநாட்களில் அட்டை ஏறும், வால்பாறைக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, நீளமான காலுறையும் கொஞ்சம் உப்பும் போதும். நாயைப் பெரும்பாலான தேசியப் பூங்காக்களுக்குள் கொண்டுபோக முடியாது. புளியோதரையோ தயிர்சாதமோ எடுத்துப் போங்கள், ஆனால் திறந்த திடலில் உட்கார்ந்து சாப்பிடுங்கள், பெரிய மரத்தின் கிளைக்கு அடியில் பாய் விரிக்காதீர்கள். பறவைக்குச் சோறு போட வேண்டாம்.

மலைக்குள் பல இடங்களில் கைபேசி சிக்னல் கிடைக்காது. வழியை முன்பே இறக்கி வைத்துக்கொண்டு, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். பொந்து பார்த்துவிட்டு இருட்டில் திரும்பும்போது பிளாக் ஸ்பர் வளைவுகளில் மெதுவாக ஓட்டுங்கள். வாம்பட்டும் வாலபியும் சாம்பர் மானும் அந்த நேரத்தில்தான் சாலையைக் கடக்கும்.